கிரைக் லாஸ் குவாரியின் கெட்டில்காரன்

கீழே பஸ் நிற்கிற இடத்தில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. எங்கள் மலையின் சிலேட்டுக்கல்லை உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டி, மெருகு போட்டு, டீக்கோப்பைக்கு அடியில் வைக்கிற தட்டு என்று விற்கிறார்கள். கோடையில் வேல்ஸ் மலைகளைப் பார்க்க வருகிறவர்கள் அரை டஜன், ஒரு டஜன் என்று வாங்கிப் போகிறார்கள். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கல் இந்தக் கதிக்கு வந்துவிட்டதே என்பதற்காக அல்ல. கல்லுக்குக் கதி என்ன, மதி என்ன. டீயையும் எங்கள் கல்லையும் சேர்த்துப் பார்த்தால் மோரஸின் நினைப்பு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எனக்கு எழுபத்தொன்று முடிந்துவிட்டது. குவாரிக்குப் போகிற பாதையில் நாலு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினால்தான் மேலே போய்ச் சேர முடியும். ஆனாலும் மாதம் ஒரு முறையாவது போகிறேன். வண்டிகள் இறங்கின சரிவுப் பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து கருநீலமாகக் கிடக்கிறது. கல் அறுக்கிற இடமான அறுவை ஷெட்டுக்குக் கூரை இல்லை; மூடின வருஷமே கூரைக்கல்லைக் கழற்றி ஏலம் போட்டுவிட்டார்கள். ஷெட்டை ஒட்டினாற்போல் எங்கள் கபான். கபான் என்றால் சாப்பாட்டுக் கொட்டகை. நாலு சுவர், அடுப்பு இருந்த கரிப்பொந்து, கோட்டு மாட்டின ஆணிகள் வரிசையாக. அடுப்புக்கு வலப்பக்கத்து ஆணி மோரஸுடையது. அதை மட்டும் யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆணியைக்கூட விடமாட்டேன் என்கிறது ஊர்.

மோரஸ் எனக்குப் பெரியப்பா மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனால் அண்ணன் தம்பி மாதிரி நாங்கள் வளரவில்லை, சண்டைக்கோழிகள் மாதிரி வளர்ந்தோம். அவனுக்கு உயிர்த்தோழன் மெய்ரிக். இரண்டு பேரும் ஒரே ஜோடியாகப் பாறை எடுத்தார்கள். மாதாமாதம் மேஸ்திரி வந்து பாறைமுகத்தில் ஆறு கஜத்தைக் காட்டி, இதில் வருகிற கல்லுக்கு இன்ன விலை என்று பேரம் பேசுவார். மெய்ரிக் பேசுவான். மோரஸ் பக்கத்தில் நின்று, "என்ன மேஸ்திரி, இந்தப் பாறையில கல்லு இருக்கா, இல்ல உங்க மாமியார் மனசா?" என்று எதையாவது சொல்லி அந்த ஆளைச் சிரிக்க வைப்பான். சிரித்தால் விலை கொஞ்சம் ஏறும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷம், தொடையில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு மோரஸ் பாறையில் தொங்கும்போது மேலேயிருந்து ஒரு துண்டு சரிந்தது. இடது பாதம் நசுங்கிவிட்டது. மெய்ரிக்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பாறையைப் படிபடியாக வெட்டின தளங்களில் மூன்று இறங்கினான். பாதத்தை எடுத்துவிட்டுக் கட்டைக்கால் பொருத்தினார்கள். உயிர் பிழைத்தவனுக்கு மேனேஜர் லேசான வேலை கொடுத்தார். அறுவை ஷெட்டைப் பெருக்குவது ஒன்று. கபானில் டீ போடுவது இன்னொன்று. ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் கெட்டில். அன்றைக்கே அவனுக்கு 'கெட்டில்' என்று பேர் விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருத்தனுக்குப் பேர் விழுந்தால் கல்லறையில்தான் சொந்தப் பேர் திரும்பக் கிடைக்கும்.

எங்கள் கபானைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. அரை மணி நேரச் சாப்பாட்டு வேளைக்கு எங்களுக்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, சட்டதிட்டம் உண்டு. கெட்ட வார்த்தை சொன்னால் அபராதம். பாட்டுப் போட்டி, ஒப்பித்தல் போட்டி எல்லாம் நடக்கும். ரொட்டியும் வெண்ணெயும் வாயில் இருக்கும்போதே, சந்திரனில் ஆட்கள் இருக்கிறார்களா, இல்லையா என்று விவாதம் நடத்தி, கை தூக்கி ஓட்டெடுத்து, தீர்மானத்தை நோட்டில் ஏற்றுவோம். இருக்கிறார்கள் என்று பதினெட்டுக்குப் பதினாலு ஓட்டில் முடிவான நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்தான் செயலாளர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கர்வத்தில் பாதி ஆயுளைக் கழித்தேன். எதையும் ஓட்டுப் போட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று நம்பின கூட்டம் நாங்கள்.

டீயை மோரஸ் பத்து மணிக்கே போட்டுவிடுவான். இலையைக் கெட்டிலில் கொட்டி அடுப்போரம் வைத்தால் பன்னிரண்டு மணிவரை அது வெந்துகொண்டே இருக்கும். கரண்டியை நட்டால் நிற்கும். "இது டீயா, தார் ரோடா?" என்று மெய்ரிக் தினமும் கேட்பான். "குடிச்சுட்டுப் படுத்துப் பாரு, உன் மேல வண்டி போகும்" என்பான் மோரஸ். எல்லோருக்கும் அந்த டீதான் வேண்டும். காலையிலிருந்து தூசியைத் தின்ற தொண்டைக்கு வேறு எதுவும் ஏறாது.

காற்றழுத்தத் துளைக்கருவியும் மின்சார அறுவை மேசையும் வந்த பிறகுதான் இருமல் அதிகமானது. நாற்பது வயதுக்காரன் சேப்பல் என்கிற எங்கள் தேவாலயத்தின் படியேறுவதற்குள் இரண்டு முறை நின்றான். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் அடிக்குரல்காரர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

முப்பத்தோராம் வருஷம் கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டரைக் கபானில் பேசக் கூப்பிட்டோம். கூப்பிட்டது நாங்கள்தான். கடிதம் எழுதினது நான்தான். மனிதர் நல்ல கோட்டுப் போட்டு வந்தார், எங்கள் மொழியிலேயே பேசினார், மோரஸ் கொடுத்த கோப்பையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சிலேட்டுத் தூசியால உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. இதோ, இதுதான் உங்களைக் கொல்லுது. ரெண்டு மணி நேரம் வேகவச்ச டீ. இது வயித்தைத் தோலாக்கிடும். வயிறு கெட்டா ரத்தம் கெடும், ரத்தம் கெட்டா மார்பு கெடும்" என்றார்.

மோரஸ் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். கீழே வைக்கக்கூட மறந்துவிட்டான்.

மெய்ரிக் எழுந்தான். எழுந்ததும் இருமினான். இருமி முடித்துவிட்டுத்தான் கேட்டான். "டாக்டர் ஐயா, எங்க வீட்டுப் பொம்பளைங்களும் இதே மாதிரிதான் டீயை வேகவச்சுக் குடிக்கிறாங்க. எங்களைவிட நாலு கோப்பை கூடவே குடிப்பாங்க. அவங்க ஏன் இருமறதில்லை?"

டாக்டர் சிரித்தார். "பொம்பளைங்க பால் அதிகமா ஊத்திக்கறாங்க" என்றார்.

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தோம் என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். மேனேஜர் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவர் சிரித்தார், அதனால்தான் சிரித்தோம்.

அடுத்த வருஷமே மெய்ரிக் படுத்துவிட்டான். வேலை முடிந்ததும் மோரஸ் ஒரு தூக்குக் கேனில் டீயை எடுத்துக்கொண்டு, கட்டைக்காலை இழுத்து இழுத்து அவன் வீட்டுக்குப் போவான். டாக்டர் சொன்னதற்குப் பிறகு அவனுக்குக் கொடுக்கவே பயம். மெய்ரிக்தான் விடவில்லை. "டேய், சாகப்போறவன்கிட்ட என்னடா கருமித்தனம்? ஊத்து" என்பான். மோரஸ் ஊற்றுவான். மெய்ரிக்கின் மனைவி லெய்சா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று பேரும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே ஞாயிறுப் பள்ளியில் அடி வாங்கினவர்கள். 'வாடா போடா' என்றுதான் அவள் மோரஸைக் கூப்பிடுவாள்.

முப்பத்து மூன்று மார்ச்சில் மெய்ரிக் போய்ச் சேர்ந்தான். வயிற்றுக் கோளாறு, அதனால் மார்பு பலவீனம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அடக்கம் முடிந்து திரும்பும்போது மோரஸ் அவள் வீட்டு வாசலுக்குப் போனான். கேன் அங்கேயே தங்கிவிட்டிருந்தது. லெய்சா அதை வெளியே கொண்டுவந்து படிக்கல்லில் வைத்தாள்.

"உங்க கேன் இந்தா இருக்கு. இனிமே இதோட என் வாசலுக்கு வராதீங்க" என்றாள்.

நான் பின்னால் நின்றேன். அவள் கத்தவில்லை. 'உங்க' என்றாளே, அதுதான் அவனை அடித்தது. வழியெல்லாம் என்னிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். "என்னைப் போய் நீங்கன்னுட்டா, எலிஸ். என்னைப் போய்…"

அதற்கு அடுத்த வாரம் கபானில் அந்தத் தீர்மானம் வந்தது. யார் கொண்டுவந்தது என்று கேட்காதீர்கள். செத்தவர்கள் பேரை இழுக்க விரும்பவில்லை. மேனேஜர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தூசிதான் காரணம் என்று நாங்கள் சொன்னால் எந்திரத்தை நிறுத்த வேண்டும், எந்திரத்தை நிறுத்தினால் குவாரியை மூட வேண்டும், மூடினால் ஊர் எதைத் தின்னும்? இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. டீதான் காரணம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, ஒருத்தனைத் தவிர. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாததா? அம்பு கைக்கெட்டும் தூரத்தில், அதுவும் ஒற்றைக்காலோடு நின்றது.

கபான் நோட்டில் என் முத்தான கையெழுத்தில் இருக்கிறது: "நம் தோழர்களின் மார்பு நோய்க்கு வெகுநேரம் வேகவைத்த தேநீரே காரணம் என்று இந்தக் கபான் முடிவு செய்கிறது. இனித் தேநீர் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறக்கூடாது. கெட்டில் பொறுப்பு வேறொருவருக்கு மாற்றப்படுகிறது." ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு ஒன்பது. அந்த முப்பத்தொன்றில் ஒரு கை மோரஸுடையது. அடுப்புப் பக்கத்திலிருந்து, எல்லோருக்கும் முந்தி அவன்தான் தூக்கினான்.

அன்றோடு அவன் டீயை விட்டான். ஒரு சொட்டு இல்லை. வெந்நீர் குடித்தான். சேப்பல் விருந்தில் கோப்பைகள் வெளியே வந்ததும் எழுந்து போய்விடுவான். கடைத்தெருவில் பெண்கள், "கெட்டில் வர்றாரு, கோப்பையை மூடுங்கடி" என்று அவன் காதுபடச் சொல்லிச் சிரித்தார்கள். அவன் எதிரே வந்தால் லெய்சா தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். அவனிடம் மிஞ்சினது துடைப்பம் ஒன்றுதான். சாயங்காலம் எந்திரங்கள் நின்ற பிறகு ஷெட்டைக் கூட்டுவான். கூட்டக் கூட்டத் தூசி எழும்பி அவன் இருக்கிற இடமே தெரியாது. கட்டைக்கால் தட்டுகிற சத்தத்தை வைத்துத்தான் எந்த மூலையில் இருக்கிறான் என்று கண்டுபிடிப்போம்.

ஐந்து நிமிட டீ குடித்தவர்களும் செத்தார்கள். புதிதாக வந்த இளவட்டங்கள், வெந்த டீயைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள், அவர்களும் இருமினார்கள். ஒவ்வொரு சாவுக்கும் நான் இரங்கல் தீர்மானம் எழுதினேன். பழைய தீர்மானத்தை எடுத்துப் பார்ப்போம் என்று ஒருத்தனும் எழுந்து சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மோரஸ் மட்டும் ஒரு நாள் கேட்டான். நாற்பத்தாறோ, ஏழோ. ஷெட் வாசலில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"எலிஸ், நீ படிச்சவன். ஒண்ணு சொல்லு. அஞ்சு நிமிஷ டீ குடிச்சவன் ஏன்டா சாகணும்?"

நியாயமாக நான் அன்றைக்கு அவன் கையைப் பிடித்து, 'நீ ஒண்ணும் பண்ணலைடா' என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நோட்டுப் பொய்யாகிவிடும். முப்பத்தொரு பேரும் பொய்யாகிவிடுவார்கள். "பழைய டீ உடம்புல தங்கியிருக்கும் போல" என்றேன். இப்படி ஒரு பதிலைச் சொன்ன வாய் அழுகிப்போயிருக்க வேண்டும். இன்னும் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறது.

"அப்படியும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே பெருக்கப் போய்விட்டான்.

ஐம்பத்தெட்டில் குவாரியை மூடினார்கள். கல் தீர்ந்ததனால் அல்ல, வாங்க ஆள் இல்லை. கூரைக்கு எங்கள் கல்லைவிடச் சுட்ட ஓடு மலிவாம். கம்பெனி என்ற ஒன்று பேப்பரில்கூட இல்லாமல் கரைந்துபோயிற்று. மேனேஜர் தென்கடற்கரைப் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போனார். டாக்டர் நல்ல மரியாதையோடு முன்னாலேயே செத்திருந்தார். அவருக்கு வைத்த கல்லும் எங்கள் மலைக் கல்தான்.

அடுத்த மூன்று வருஷத்துக்குள் மோரஸுக்குக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வருவதே மலையேறுகிற மாதிரி ஆகிவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, "இது முழுக்கக் கல்தூசி. நீங்க எத்தனை வருஷம் அதுல வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"பெருக்கிட்டுத்தான் இருந்தேன். நான் டீ போடறவன்" என்றான் மோரஸ்.

"டீக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

மோரஸ் அவரை நம்பவில்லை. ஒரு டாக்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு அப்படிச் சொன்னார், இன்னொருத்தர் கோட்டைப் போட்டுக்கொண்டு இப்படிச் சொல்கிறார். படத்தில் தெரிகிற வெள்ளைப் புள்ளிகள் யார் கண்டது, பழைய டீயின் கறையாகவும் இருக்கலாம். பஸ்ஸில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினான்.

"நான் செத்ததும்… வெட்டிப் பார்க்கச் சொல்லு. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இருபத்தெட்டு வருஷமா ஒரு சொட்டு டீ குடிக்கலை நான். என் மார்புலயும் அதேதான் இருந்தா, மெய்ரிக்கை நான் கொல்லலைன்னு ஆகுது இல்லையா?"

"ஆகுது."

"அந்தப் பேப்பரை… லெய்சாகிட்ட காட்டு. அவளே படிக்கட்டும்."

அறுபத்தொன்று நவம்பரில் போனான். சேப்பல்காரர்கள் முகம் சுளித்தார்கள், கிறிஸ்தவன் உடம்பைக் கசாப்புப் போடுவதா என்று. அவன் கையெழுத்தைக் காட்டினேன். மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஒற்றைத் தாள் வந்தது. இரண்டு நுரையீரலும் சிலேட்டுத் தூசியால் இறுகிப்போயிருந்தன. கத்தி இறங்கச் சிரமப்பட்டது. வயிறு நல்ல நிலையில் இருந்தது. அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

அன்று மத்தியானமே லெய்சா வீட்டுக்குப் போனேன். அவளுக்கும் அறுபத்தைந்து. ஜன்னலோரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "வா எலிஸ்" என்றாள். தாளை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். மடித்தாள். என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"மோரஸ் உன்கிட்ட காட்டச் சொன்னான்" என்றேன். "டீ இல்லை, லெய்சா. தூசிதான்."

"எனக்கு அது அப்பவே தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"பதினாலு வருஷம் அவர் சட்டையைத் துவைச்சவ நான். தொட்டி அடியில விரல் கனத்துக்குச் சேறு நிக்கும். தலையணை உறையை உதறினா தூசி கொட்டும். டாக்டரை மடக்கிட்டு வந்து, பொம்பளைங்க ஏன் இருமறதில்லைன்னு கேட்டேன்டீன்னு அவர் சிரிச்சாரே, அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

"அப்புறம் ஏன் அவனை…"

"வேற யார்கிட்டப் போவேன்?" கத்தியைக் கீழே வைத்தாள். "இந்த வீடு கம்பெனி வீடு. என் மகன் குவாரியில இருந்தான். மேனேஜர் தெருவில வந்தா வணக்கம் சொல்லணும். சொன்னேன். டாக்டர் வந்தா நாற்காலியைத் துடைச்சுப் போட்டேன். என் புருஷன் செத்துட்டார் எலிஸ். யார் மேலயாவது நான் கோபப்படணுமே, இல்லன்னா பைத்தியம் பிடிச்சிருக்கும். மோரஸ்தான் கைக்கு எட்டினான். திருப்பி அடிக்க மாட்டான்னும் தெரியும்."

"இருபத்தெட்டு வருஷம், லெய்சா. ஒரு நாள் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"முதல் வருஷம் சொல்லியிருக்கலாம். பத்து வருஷம் போனப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்றாள். பிறகு குரல் மாறிவிட்டது. "செத்துட்டியேடா மோரஸ், படுபாவி" என்று உருளைக்கிழங்குப் பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள். அவன் காத்துக்கொண்டிருந்த 'டா' அதுதான். மூன்று வாரம் தாமதமாக வந்தது.

கத்தியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள். "அந்தக் கபான் நோட்டு உன்கிட்டதானே இருக்கு? அதுல எழுதினதை அடிச்சுடு."

"அடிக்க முடியாது. ஒரு தீர்மானத்தை ரத்துப் பண்ணணும்னா குறைஞ்சது ஏழு உறுப்பினர் கை தூக்கணும். சட்டம்" என்றேன். அந்த நிலையிலும் செயலாளர் புத்தி போகவில்லை. "அந்த நாப்பது பேர்ல இப்ப நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

ஜன்னல் வழியாகச் சரிவில் கல்லறைத் தோட்டம் தெரிந்தது. எல்லாம் எங்கள் கல், நீலநீலமாக, வரிசையாக. லெய்சா மோவாயால் அந்தப் பக்கம் காட்டினாள்.

"அங்க போய்க் கேளு. மொத்தப் பேரும் தூக்குவாங்க" என்றாள்.

அவளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பதுதான் காரணம். அவளாவது சொல்லிவிட்டாள். நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த முப்பத்து மூன்றாம் வருஷம், முப்பத்தொரு கைகளையும் எண்ணி முடித்த பிறகு, திறந்தபடியே கிடந்த நோட்டை எடுத்து முழங்காலில் வைத்தேன். பேனா ஓடவில்லை. ஷெட்டுக் கதவு திறந்திருந்தது, காலையில்தான் துடைத்து வைத்த தாளின் மேல் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. குனிந்து பலமாக ஊதினேன். தூசி பறந்து என் மூக்கிலேயே ஏறி இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, தேநீரே காரணம் என்று எழுதினேன்.